லண்டன் ஃபோனில் ஜப்பானிய எழுத்து: தங்கைக்கு அக்காவின் டிப்ஸ்

லண்டனில் வாங்கிய ஃபோனோடு டோக்கியோவில் வேலைக்குச் சேரப் போகிறாய். "இது அங்கே ஒத்துவருமா அக்கா, இல்லை போனதும் புதுசா ஒண்ணு வாங்கணுமா?" என்று கேட்டிருந்தாய். வாங்காதே. வீடு பிடிக்கும்போதே முன்பணம், வீட்டுக்காரருக்கு அன்பளிப்பு, தரகர் கூலி என்று கையிருப்பு கரையும் ஊர் அது. ஜப்பானிய எழுத்தைக் காட்டவும் எழுதவும் வேண்டியது எல்லாம் இன்றைய ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் உள்ளேயே இருக்கிறது. இல்லாத ஒன்றிரண்டும் காசில்லாமல் இறங்கிவிடும். ஃபோனை முழுக்க ஜப்பானிய மொழிக்கு மாற்றவும் வேண்டாம். மெனு ஆங்கிலத்திலோ தமிழிலோ இருக்கட்டும்.

ஆனால் ஒழுங்காகச் செய். நம் பிள்ளைகள் பலர் ஒரு கீபோர்டைச் சேர்த்துவிட்டு, அதிலும் ஆங்கில எழுத்தைத் தட்டியே ஜப்பானிய மொழி வரவழைத்துக்கொண்டு, வருஷக்கணக்கில் அப்படியே ஓட்டுகிறார்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் பொறுமையாக உட்கார்ந்தால் பிறகு வங்கியிலும் வார்டு அலுவலகத்திலும் ஆபீஸ் மெயிலிலும் எவ்வளவோ சிரமம் மிச்சமாகும்.

முதல் வேலை மொழிப் பட்டியல்

கீபோர்டுக்குப் போகும் முன்னால் இதைச் செய். நீ எதுவும் செய்யாவிட்டாலும் ஜப்பானிய மெயில் உன் ஃபோனில் திறக்கும், எழுத்தும் தெரியும். அதனால்தான் இந்தப் படியை எல்லாரும் தாண்டிவிடுகிறார்கள். ஆனால் தெரிகிற எழுத்தில் சில கான்ஜி, அதாவது சீனத்திலிருந்து ஜப்பானுக்கு வந்த எழுத்துகள், சீன உருவத்தில் வந்திருக்கும். புதிதாகப் படிக்கிற கண்ணுக்கு அது பிடிபடாது.

காரணம் இதுதான். சீனம், ஜப்பான், கொரியா மூன்றும் பகிர்ந்துகொள்ளும் எழுத்துகளை, கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு 1992இல் ஒன்றுசேர்த்தபோது, பொதுவான எழுத்துக்கு ஒரே எண்ணைக் கொடுத்தார்கள். அப்படி வரிசைப்படுத்தியவை 20,902. எண் ஒன்றுதான், அதை எழுதும் வழக்கம் மட்டும் நாட்டுக்கு நாடு சற்று வேறு. எந்த நாட்டு உருவத்தைக் காட்டுவது என்று மெயிலோ வலைப்பக்கமோ சொல்லாவிட்டால், ஃபோன் உன் மொழிப் பட்டியலைப் பார்க்கும். அங்கே ஆங்கிலமும் தமிழும் மட்டும் இருந்தால் அது தானாக ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். பல ஃபோன்களில் அது சீன உருவமாகவே இருக்கும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. நாவோகோ, நாவோகி என்ற பெயர்களின் தொடக்கத்தில் வரும், 'நேர்' என்று பொருள்படும் கான்ஜியைப் பெரிதாக்கிப் பார். ஜப்பானிய உருவத்தில் கீழ்ப்பகுதியில் இடப்பக்கமாக இறங்கி வலப்பக்கம் திரும்பும் ஒரு மூலைக்கோடு இருக்கும். சீன உருவத்தில் அந்த மூலை இருக்காது, அடியில் ஒரு படுக்கைக் கோடு மட்டும். கடலைக் குறிக்கும் 'உமி' எழுத்திலும் பார்க்கலாம்: வலப்பாதியின் நடுவே ஜப்பானியர் ஒரே நேர்க்கோட்டை இழுப்பார்கள், சீன உருவத்தில் அங்கே இரண்டு புள்ளிகள் இருக்கும்.

படிக்க முடிகிறதே, என்ன குறைந்துவிட்டது என்று விடாதே. வார்டு அலுவலகத்தில் படிவத்தைக் கையால் நிரப்பச் சொல்வார்கள். நீ ஃபோனைப் பார்த்துத்தான் முகவரியை வரைவாய். ஃபோன் தவறான உருவத்தைக் காட்டினால் உன் கையும் அதையே கற்றுக்கொள்ளும். படிந்த கையை மாற்றுவது பெரும்பாடு.

ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், லாங்குவேஜ் அண்ட் ரீஜன் வரை போய் ஜப்பனீஸைச் சேர். "இதையே முதன்மை மொழியாக்கவா?" என்று கேட்கும், வேண்டாம், இருக்கிற மொழியே இருக்கட்டும் என்று சொல். ஆண்ட்ராய்டில் சிஸ்டம், லாங்குவேஜஸ் என்று இருக்கும். சாம்சங்கில் ஜெனரல் மேனேஜ்மென்ட் என்பதற்குள் ஒளிந்திருக்கும். இப்படிப் பல மொழிகளை வரிசையாக வைக்கும் வசதி ஆண்ட்ராய்டில் 2016இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து உண்டு. வரிசையைக் கவனி. முதலில் உன் மொழி, இரண்டாவது ஜப்பானிய மொழி. சீனமும் படிக்கிறாய் என்றால் அது ஜப்பானிய மொழிக்குக் கீழேதான் இருக்க வேண்டும். பிறகு ஃபோனை ஒரு தடவை அணைத்துப் போட்டு, அந்த 'நேர்' எழுத்தைத் திரும்பப் பார்.

ஒரு காலத்தில் இவ்வளவு எளிதாக இருந்ததில்லை. 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் விற்ற ஃபோன்களில் ஜப்பானிய எழுத்துருவே கிடையாது. மெயில் வந்தால் வெறும் கட்டங்கள்தான். தனியாகக் காசு கொடுத்து மென்பொருள் வாங்கி ஏற்ற வேண்டும். அதே நேரத்தில் ஜப்பானில் 1999இல் தொடங்கிய ஐ-மோட் வழியாக ஜனங்கள் ஃபோனிலேயே மெயிலும் செய்தியும் படித்துக்கொண்டிருந்தார்கள். 2008இல் ஐபோன் ஜப்பானுக்குப் போனபோது, ஜப்பானியருக்கு எமோஜி இல்லாமல் முடியாது என்பதால் அந்த வருஷம் நவம்பரில் அங்குள்ளவர்களுக்கு மட்டும் அதைத் திறந்துவிட்டார்கள். உலகம் முழுவதும் ஐபோனில் எமோஜி கீபோர்டு கிடைத்தது 2011இல்தான். எழுத்துரு விஷயத்தில் பெரிய திருப்பம் 2014 ஜூலையில் வந்தது: அடோபியும் கூகுளும் சேர்ந்து, கிழக்காசிய மொழிகள் அனைத்துக்கும் ஒரே குடும்பமாக ஓர் எழுத்துருவை இலவசமாக வெளியிட்டன. ஓர் எழுத்துருக் கோப்பில் அடைக்கக்கூடிய உச்ச அளவான 65,535 வடிவங்கள் அதில் உண்டு. ஜப்பானிய உருவமும் சீன உருவமும் தனித்தனியாக அதற்குள்ளேயே இருக்கின்றன. எதை எடுப்பது என்று நீ சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கீபோர்டில் ஆங்கிலம் வேண்டாம்

ஐபோனில் கீபோர்டு சேர்க்கும் இடத்தில் ஜப்பனீஸ் என்று தொட்டால் 'கானா' (ஜப்பானிய ஒலியெழுத்து), 'ரோமாஜி' (ஆங்கில எழுத்து) என்று இரண்டு வரும். ஆண்ட்ராய்டில் ஜிபோர்டு போட்டுக்கொள்; அதில் பன்னிரண்டு விசைப் பலகை, ஆங்கில வரிசைப் பலகை, கையால் எழுதும் பலகை எல்லாம் இருக்கும். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ஆங்கில வரிசையைத் தேர்ந்தெடுப்பார்கள், கை பழகியிருக்கிறது என்று. நான் சொல்வது கானாவை. பன்னிரண்டு விசையை.

தமிழ் படித்தவளுக்கு அது தானாக வரும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஜப்பானிய உயிரெழுத்து வரிசை அ, இ, உ, எ, ஒ. நம் குறில் வரிசை அப்படியே! மெய் வரிசை க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று போகும். நம் நெடுங்கணக்கில் க, ச, த, ந, ப, ம, ய, ர, வ என்று எடுத்துச் சொல்லிப் பார், ஒரே நடை. சமஸ்கிருத எழுத்தைச் சித்தம் என்ற வடிவில் கற்ற பௌத்தத் துறவிகள் வழியாக ஜப்பானுக்குப் போன ஒலி ஒழுங்கு அது. நம் ப இருக்கும் இடத்தில் அவர்களுக்கு ஹ நிற்கிறது, ஏனென்றால் அந்த ஒலி பழங்காலத்தில் ப-வாகத்தான் இருந்தது. இன்றும் ஹ எழுத்தின் தலையில் ஒரு குட்டி வட்டம் போட்டால் ப ஆகிவிடும். லண்டனில் உன்னோடு படிக்கிற வெள்ளைக்காரப் பெண் இந்த வரிசையை மனப்பாடம் செய்தாக வேண்டும். உனக்கு அது ஒன்றாம் வகுப்பிலேயே முடிந்துவிட்டது.

விசைகள் இப்படி இருக்கும். மேல் வரிசையில் அ, க, ச. அடுத்ததில் த, ந, ஹ. மூன்றாவதில் ம, ய, ர. கடைசி வரிசையின் நடுவில் வ. அதற்கு இடப்பக்கம் குறி போடும் விசை, வலப்பக்கம் நிறுத்தக்குறிகள். ஒரு விசையைச் சும்மா தொட்டால் அகரம். தொட்ட விரலை எடுக்காமல் இடப்பக்கம் சுண்டினால் இகரம், மேலே சுண்டினால் உகரம், வலப்பக்கம் எகரம், கீழே ஒகரம். இடப்பக்கத்தில் தொடங்கிக் கடிகார முள் போகும் திசையிலேயே சுற்றி வருகிறது, பார்த்தாயா? இதற்கு ஃப்ளிக் என்று பெயர். ஜப்பானில் ரயிலில் நின்றுகொண்டே ஒற்றைக் கட்டைவிரலால் சரசரவென்று எழுதுகிறார்களே, அது இதுதான்.

'அரிகாதோ' எழுதிப் பழகு. அ-வைத் தொடு. ர-வை இடப்பக்கம் சுண்டினால் ரி. க-வைத் தொட்டு, உடனே குறி விசையை ஒரு தடவை அழுத்தினால் அழுத்தமான க. த-வைக் கீழே சுண்டினால் தொ. அ-வை மேலே சுண்டினால் உ. முடிந்தது. ப வேண்டுமானால் ஹ தொட்டுக் குறி விசையை இரண்டு தடவை. 'க்ய' போன்ற கூட்டொலிக்கு கி, பிறகு ய, பிறகு அதே குறி விசை, ய சிறுத்துவிடும். ஒற்று இரட்டிக்கும் இடத்தில் சின்ன 'த்சு' வேண்டும். த-வை மேலே சுண்டி, குறி விசை. சில இடங்களில் ஒலி மட்டும் கொஞ்சம் விலகும்: ச வரிசை இகரம் 'ஷி', த வரிசையில் 'சி', 'த்சு', ஹ வரிசை உகரம் 'ஃபு'. சுண்டும் திசை மாறாது. வ விசையை மேலே சுண்டினால் தனி 'ன்', வலப்பக்கம் சுண்டினால் நெடிலுக்கான கோடு.

ஐபோனில் கீபோர்டு அமைப்புக்குள் 'ஃப்ளிக் ஒன்லி' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை இன்றே போட்டுவிடு. போடாவிட்டால் ஃபோன் பழைய பட்டன் ஃபோன் மாதிரி, ஒரே விசையை இரண்டு தடவை தொட்டால் அடுத்த எழுத்துக்குத் தாவும். அம்மாவுக்கு ஜப்பானிய மொழியில் 'ஹஹ'. ஹ-வை இரண்டு முறை தொட்டால் 'ஹி' என்று வந்து நிற்கும். பழகும்வரை வேகம் குறைவாகத்தான் இருக்கும். அந்த நாட்களில் பொறுமை இழந்து ரோமாஜிக்குத் திரும்பாதே.

ரோமாஜியை ஏன் இவ்வளவு தள்ளச் சொல்கிறேன்? ஆங்கில எழுத்தில் தட்டும்போது மனசு ஆங்கில உச்சரிப்பையே பிடித்துக்கொள்ளும். கே-ஐ-என்-ஈ-என் என்று தட்டினால் 'கினென்', அதாவது நினைவு விழா. ஆனால் புகைபிடிக்கக் கூடாது என்பதற்கான சொல்லிலும் ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட அதே எழுத்துகள்தான். நடுவில் 'ன்' தனி, 'எ' தனி. அதைப் பிரித்துக்காட்ட என்-ஐ இரட்டிக்கவோ நடுவே மேற்கோள் குறி போடவோ வேண்டும், அதுவும் கீபோர்டுக்குக் கீபோர்டு மாறும். கானாவில் 'ன்'னுக்குத் தனி இடம் இருப்பதால் இந்தக் குழப்பமே இல்லை. பாஸ்போர்ட் எழுத்தில் டோக்கியோ என்று தட்டினால் 'தொக்யொ' என்று குறுகி நிற்கும். உண்மையில் அங்கே இரண்டு இடத்திலும் ஓர் உகரம் சேர்ந்தால்தான் நெடில். ஒசாகாவுக்கோ உகரம் இல்லை, ஒகரமே இரண்டு தடவை. கானாவில் எழுதுகிறவளுக்கு இந்த நெடில்கள் சொல்லோடு சேர்ந்தே மனசில் பதியும்.

ஆனாலும் ரோமாஜிப் பலகையை அழித்துவிடாதே. ஆபீஸ் கணினியில் அதுதான் பெரும்பாலும் புழங்கும். அங்கே இரண்டு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். 'கொன்னிசிவா' என்று வாயால் சொன்னாலும் கடைசி எழுத்து 'ஹ'தான். எழுவாய்க்குப் பின்னால் வரும் 'வா'வும் அப்படியே ஹ என்று எழுதித்தான் வர வேண்டும். செயப்படுபொருளுக்குப் பின் வரும் 'ஒ', டபிள்யூ-ஓ.

கான்ஜியாக மாற்றும்போது

ஒலியை எழுதியதும் மேலே பரிந்துரைகள் வரும். 'ஹஷி' என்றால் பாலமா, சாப்பிடும் குச்சியா, ஓரமா? 'கமி' என்றால் காகிதமா, தலைமுடியா, கடவுளா? ஒற்றைச் சொல்லாகக் கொடுத்தால் ஃபோனுக்கும் தெரியாது. அதனால் சொல் சொல்லாக மாற்றாதே. 'பாலத்தைக் கடக்கிறேன்' என்று வாக்கியத்தின் ஒரு துண்டை முழுசாகக் கானாவில் எழுதிவிட்டு, பிறகு மாற்று. சூழல் கிடைத்தால் ஃபோன் சரியான எழுத்தைத் தானே முன்னால் கொண்டுவந்து வைக்கும்.

குறியீடுகளையும் பெயர் சொல்லியே கூப்பிடலாம். 'யாஜிருஷி' என்று எழுதினால் அம்புக்குறிகள், 'கக்கோ' என்றால் அடைப்புக்குறிகள், 'யூபின்' என்றால் அஞ்சல் குறி, 'கொமே' என்றால் அடிக்குறிப்புக்குப் போடும் நட்சத்திரம் போன்ற குறி. 'க்யோ' என்று எழுதினால் இன்றைய தேதியே பல வடிவில் வரும்.

ஆட்களின் பெயர் வரும் இடத்தில் மட்டும் பரிந்துரையை நம்பவே நம்பாதே. சைதோ என்ற குடும்பப் பெயரின் முதல் எழுத்துக்கே நான்கு வடிவங்கள் புழக்கத்தில் உண்டு. வதனபேவின் 'பே'வுக்கு அதைவிடப் பெரிய குடும்பம். தகஹஷி என்பவர்களில் சிலர் 'தக'வை ஏணி மாதிரி நடுவே கோடு போகும் வடிவில் எழுதுவார்கள். அதற்கு ஹஷிகோதகா, ஏணித் தக என்றே பெயர். ஒருவர் தன் பெயரை எந்த வடிவில் எழுதுகிறாரோ அதுதான் அவர் பெயர். வேறொன்றைப் போட்டு மெயில் அனுப்பினால் யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், ஆனால் கவனிப்பார்கள். ஆகவே பெயரைத் தட்டாதே, அவருடைய மெயிலின் கையெழுத்துப் பகுதியிலிருந்து நகலெடு. விசிட்டிங் கார்டு மட்டும் இருந்தால் கேமராவைக் காட்டி எழுத்தை எடுத்துக்கொள். ஐபோன் கேமரா 2022இல் வந்த ஐஓஎஸ் 16 முதல் ஜப்பானிய எழுத்தைப் படிக்கிறது, ஆண்ட்ராய்டில் கூகுள் லென்ஸ் அதைச் செய்யும். எடுத்த பிறகு கார்டோடு ஒவ்வொரு கோடாக ஒப்பிட்டுப் பார்.

எடுத்த கையோடு அந்தப் பெயரைத் தொடர்பு ஏட்டில் சேர்க்கும்போது, உச்சரிப்புக்கென்று உள்ள தனிக் கட்டத்தையும் நிரப்பு. ஐபோனில் 'ஆட் ஃபீல்டு' என்பதைத் தொட்டால் ஃபொனெட்டிக் என்று கிடைக்கும், கூகுள் கான்டாக்ட்ஸிலும் உண்டு. கான்ஜிப் பெயரை ஃபோன் அகரவரிசையில் எங்கே வைப்பது என்று அறியாது. உச்சரிப்பு இருந்தால்தான் வரிசையில் ஒழுங்காக வரும், தேடினாலும் கிடைக்கும். முக்கியமாக, அழைப்பை எடுத்ததும் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று உனக்கே தெரியும்.

படிவங்கள்

ஜப்பானில் ஃபோனில் எழுதுவது என்றால் பாதி நேரம் படிவம் நிரப்புவதுதான். நம்மவர்கள் மிகவும் தவிப்பதும் இங்கேதான்.

முதலில் உன் பெயர். குடியிருப்பு அட்டையில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஆங்கில எழுத்தில் இருக்கும். ஆனால் வங்கிகளுக்கிடையே பணம் போகும் அமைப்பில் பெயர் கட்டகானாவில் ஓடுகிறது. கானாவின் இரண்டு வகைகளில் ஒன்று அது, மற்றது ஹிராகானா. ஆகவே உன் பெயரைக் கட்டகானாவில் எப்படி எழுதுவது என்று ஒரே ஒரு தடவை தீர்மானித்து, வங்கி, வீட்டு ஒப்பந்தம், ஃபோன் இணைப்பு, சம்பளப் பிரிவு எல்லா இடத்திலும் அதையே கொடு. செல்வி என்ற பெயரின் 'வி'யை 'உ'வின் மேல் குறி போட்டுச் சின்ன 'இ' சேர்த்தும் எழுதலாம், 'பி' என்றும் எழுதலாம். கேட்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு இரண்டு வெவ்வேறு ஆட்கள். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, படிவத்திலோ 'செய்', 'மெய்' என்று இரண்டு கட்டம் இருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர் இருந்தால் முதல் கட்டத்தில் அதுதான். எப்படிப் பிரிக்கிறாயோ அதையும் எழுதிவைத்துக்கொள்.

பெயருக்குப் பக்கத்தில் அதன் உச்சரிப்பை எழுத 'ஃபுரிகானா' என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தத் தலைப்பு எந்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது என்று பார். ஹிராகானாவில் இருந்தால் ஹிராகானாவில் நிரப்பு, கட்டகானாவில் இருந்தால் கட்டகானாவில்.

அடுத்தது முழு அகலம், அரை அகலம். ஜப்பானியர் பேச்சில் 'ஜென்காகு', 'ஹன்காகு'. ஒரே எண், ஒரே கட்டகானா எழுத்து, இரண்டு அகலத்தில் தனித்தனி எழுத்தாகவே இருக்கிறது. பழைய கணினிகளில் இடம் மிச்சம் பிடிக்க வந்த அரை அகலம் வங்கி வேலையில் இன்றும் தங்கிவிட்டது. கட்டத்தின் ஓரத்தில் பொடியாக எது வேண்டும் என்று போட்டிருப்பார்கள். மாறிவிட்டால் சிவப்பில் பிழை வரும். கட்டகானாவைப் பரிந்துரையில் தேடினால் இரண்டு அகலமும் கிடைக்கும். அரை அகலத்தில் குறி போட்ட எழுத்து இரண்டு எழுத்தாக எண்ணப்படும், அதனால் நீளமான நம் பெயர்கள் கட்டத்துக்குள் அடங்காமல் போகலாம். கடவுச்சொல், மெயில் முகவரி, கார்டு எண் எல்லாவற்றுக்கும் ஆங்கிலக் கீபோர்டுக்கு மாறிவிடு. கானாப் பலகையில் இடைவெளி விசையைத் தட்டினால் முழு அகல இடைவெளி விழும். மெயில் முகவரியின் வாலில் அது ஒட்டிக்கொண்டால் கண்ணுக்கே தெரியாது.

கோடுகளில் கவனம். முகவரி எண்களுக்கு நடுவே போடும் சிறு கோடு, கட்டகானாவின் நெடில் கோடு, 'ஒன்று' என்ற கான்ஜி, மூன்றும் பார்வைக்கு ஒன்றே போல இருக்கும். எண்களுக்கு நடுவே நெடில் கோட்டைப் போட்டுவிட்டு, ஏன் ஏற்கவில்லை என்று ஜனங்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். அஞ்சல் எண் 1998 முதல் ஏழு இலக்கம். பல படிவங்களில் அதை இட்டதும் ஊர், பகுதி வரை தானே நிரம்பும், மீதியை மட்டும் நீ எழுதினால் போதும்.

பிறந்த வருஷத்தைச் சில இடங்களில் அரசர் ஆண்டில் கேட்பார்கள். ஹெய்செய் காலத்தில், அதாவது 1989 ஜனவரி 8 முதல் 2019 ஏப்ரல் 30 வரை பிறந்தவர்கள், தங்கள் வருஷத்தில் 1988ஐக் கழிக்க வேண்டும். நீ 1998, ஆகவே ஹெய்செய் 10. இப்போதைய ரெய்வா ஆண்டுக்கு 2018ஐக் கழி.

இவ்வளவையும் ஒவ்வொரு தடவையும் தட்டிக்கொண்டிருக்காதே. ஐபோனில் கீபோர்டு அமைப்புக்குள் டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட், ஜிபோர்டில் பெர்சனல் டிக்ஷனரி. அங்கே ஒரு பக்கம் முழு வாசகத்தையும், மறுபக்கம் அதை வரவழைக்கும் இரண்டு மூன்று கானா எழுத்தையும் சேமித்துவை. என் ஃபோனில் 'ஜுஷொ' என்றால் என் முழு முகவரி வரும். கட்டகானாப் பெயர், கட்டடப் பெயர், கம்பெனிப் பெயர் எல்லாம் அப்படித்தான். மெயில் தொடக்கத்தில் எழுதும் 'ஒசெவா நி நத்தெ ஒரிமாசு', முடிவில் வரும் 'யொரொஷிகு ஒனெகாய் இதஷிமாசு' இரண்டையும் ஜப்பானியர்களே இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். கடவுச்சொல்லையும் கார்டு எண்ணையும் மட்டும் இதில் சேர்க்காதே.

குழம்பிய எழுத்து வந்தால்

சில சமயம் ஆபீஸிலிருந்து வரும் கோப்பில் பொருளற்ற எழுத்துக் குவியலாக வரும். 'மொஜிபாகெ' என்பார்கள். உன் ஃபோனில் பழுது இல்லை. ஜப்பானிய விண்டோஸில் பழைய ஷிஃப்ட்-ஜிஸ் முறையில் சேமித்ததை உன் ஃபோன் யூடிஎஃப்-8 என்று நினைத்துத் திறந்திருக்கிறது. ஜிப் கோப்புக்குள் இருக்கும் பெயர்களும், கமாவால் பிரித்த அட்டவணைக் கோப்புகளும்தான் அடிக்கடி இப்படி ஆகும். குறிமுறையைத் தேர்ந்தெடுக்க விடும் ஆப்பில் திற, ஷிஃப்ட்-ஜிஸ் என்று சொல், சரியாகிவிடும். அவசரம் என்றால் பிடிஎஃப் ஆக அனுப்பச் சொல்லிக் கேள், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

எஸ்எம்எஸ் எழுதினால் நம் தமிழுக்கு உள்ள கணக்குத்தான் அங்கும்: ஒரு செய்திக்கு 70 எழுத்து. அதைத் தாண்டினால் இரண்டாகப் போகும். பெரும்பாலும் எல்லாரும் லைன் ஆப்பில் இருப்பதால் இது அதிகம் உறுத்தாது.

அழகழகான படம் போட்ட புதுக் கீபோர்டு ஆப்களை யார் சொன்னாலும் இறக்காதே. நீ தட்டும் ஒவ்வொரு எழுத்தும் கீபோர்டு வழியாகத்தான் போகிறது. ஜப்பானில் 2013 டிசம்பரில், பிரபலமான ஜப்பானியக் கீபோர்டு ஒன்று பயனர்கள் எழுதுவதைத் தன் சர்வருக்கு அனுப்பியது தெரியவந்து, அரசு அலுவலகங்களே எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. ஐபோனில் 'ஃபுல் ஆக்சஸ்' கேட்டால் இல்லை என்று சொல். ஃபோனோடு வந்ததும் ஜிபோர்டும் போதும்.

படிக்கத் தெரியாத கான்ஜி கண்ணில் பட்டால், ஒலி தெரியாததால் தட்ட முடியாது. ஆண்ட்ராய்டில் ஜிபோர்டின் கையெழுத்துப் பலகையை இதற்காகவே சேர்த்துவை, விரலால் வரைந்தால் எழுத்தைத் தரும். ஐபோனில் பலரும் சீனக் கையெழுத்துப் பலகையைச் சேர்த்துச் சமாளிப்பார்கள். ஆனால் ஜப்பானியர் தாங்களே உருவாக்கிய சில எழுத்துகள் அதில் அகப்படாமல் போகலாம். கேமராவைக் காட்டுவது அதைவிட நம்பகம்.

எழுத்தோடு சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் நீ கேட்பாய். ரயிலுக்கு ஃபோனைத் தட்டிப் போகும் சூய்கா, 2017இல் வந்த ஐபோன் 8 முதல் எந்த நாட்டில் வாங்கிய ஐபோனிலும் ஓடும். வெளிநாட்டில் வாங்கிய ஆண்ட்ராய்டு ஃபோன்களில் பெரும்பாலும் ஓடாது. உன்னுடையது ஆண்ட்ராய்டு என்றால் அட்டையாகவே வாங்கிக்கொள்.

விமானம் ஏறும் முன்னால், வீட்டு வைஃபையில் இருக்கும்போதே, கூகுள் டிரான்ஸ்லேட்டில் ஜப்பானிய மொழிக் கோப்பை இறக்கிவிடு. நெட் இல்லாத இடத்திலும் படிக்க உதவும். தங்கப்போகும் இடத்தின் முகவரியைக் கான்ஜியில் அவர்கள் அனுப்பிய மெயிலிலிருந்து நகலெடுத்து நோட்ஸில் பெரிய எழுத்தில் வைத்துக்கொள், டாக்ஸிக்காரரிடம் காட்டலாம். கட்டகானாவில் உன் பெயரை எழுதி எனக்கு லைனில் அனுப்பு. வங்கியில் கொடுக்கும் முன்னால் நான் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.